பாத்தாச்சு

முனிராஜின் ஆபீசில் சண்டை என்று வந்தால் அது சம்பளத்துக்காக வராது, லீவுக்காக வராது, டேப்புக்காக வரும். வெளியாள் யாராவது படியேறி வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டால், இவர்களுக்கெல்லாம் புத்தி கித்தி பிசகிவிட்டதா என்று நினைத்துக்கொண்டு வந்த வழியே இறங்கிப் போய்விடுவார். அதியமான்கோட்டையில் ஹைவேயை ஒட்டி, ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில், ஐந்து பேர் சேர்ந்து ஒரு பிரவுசர் செய்துகொண்டிருந்தார்கள். பெயர் சிட்டு. விலை குறைந்த போனிலும் திணறாமல் ஓட வேண்டும் என்பதற்காகவே செய்தது. பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, அதே வேலையை நம் ஊரிலேயே செய்யலாம் என்று திரும்பி வந்தவர் முனிராஜ். ஊர்க்காரர்கள் அவர் டயர் வியாபாரம் செய்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

டேப் என்பது பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. போனில் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை மூடாமல் இன்னொன்றைத் திறக்கிறோம் இல்லையா, அப்படித் திறந்து கிடக்கும் ஒவ்வொன்றும் ஒரு டேப். சிக்கல் என்னவென்றால், திறந்து கிடக்கும் ஒவ்வொன்றும் போனின் மெமரியைத் தின்னும். அத்தனையையும் விழிப்பாகவே வைத்திருந்தால் போன் சூடேறி நின்றுவிடும். அதனால் கொஞ்ச நேரம் தொடாத டேப்பைப் பிரவுசர் தூங்க வைத்துவிடும். தூங்கின டேப்பைத் திரும்பத் தொட்டால் பக்கம் முதலிலிருந்து வரும். அதில் பாதி எழுதி வைத்திருந்தது போனது போனதுதான். எந்த டேப்பைத் தூங்க வைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதற்காகத்தான் அந்த மாடியில் தினமும் தொண்டை கிழிந்துகொண்டிருந்தது.

டேப் வேலையைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கலைமதி, பாப்பாரப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். இன்னொருத்தி ஹீனா, தர்மபுரி டவுன்காரி, கலைமதியைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். கலைமதி பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ்ஸில் தர்மபுரி வந்து இறங்குவாள். ஹீனா ஸ்கூட்டியோடு பஸ் ஸ்டாண்டில் பூக்கடை ஓரமாக நிற்பாள். அங்கிருந்து இருவரும் ஒரே வண்டியில் ஆபீசுக்கு. மழை பெய்தாலும் பஸ் தாமதமானாலும் ஹீனா கலைமதியை விட்டுவிட்டு ஒரு நாளும் கிளம்பியதில்லை.

இந்த ஸ்கூட்டி சிநேகிதத்துக்குள் இன்னொரு பழக்கமும் இருந்தது. சிட்டுவில் யார் எதை மாற்றி எழுதினாலும், வேறொருவர் அதைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் சேரும். ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக "பாத்தாச்சு" என்று போட வேண்டும். முனிராஜ் வைத்த சட்டம் அது. கலைமதி எழுதியதை ஹீனா படிப்பதில்லை, ஹீனா எழுதியதைக் கலைமதி படிப்பதில்லை. வந்ததும் இருவரும் ஒருவருக்கொருவர் கண்ணை மூடிக்கொண்டு "பாத்தாச்சு" போட்டுவிடுவார்கள். தப்புதான். ஆனால் கூடப்பிறந்தவள் சமைத்த குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று யாராவது சந்தேகப்படுவார்களா?

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு போன் கம்பெனி சிட்டுவைத் தன் போனிலேயே போட்டு விற்கிறேன் என்று வந்தது. வந்ததும் கூடவே ஒரு நிபந்தனை வைத்தது. ஆட்களைக் குறைக்க வேண்டும். டேப் வேலைக்கு இரண்டு பேர் எதற்கு, ஒருத்தர் போதும் என்றது. முனிராஜுக்கு வழி தெரியவில்லையா, இல்லை வேடிக்கை பார்க்க ஆசையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஆளுக்கு ஒரு டேப் டிசைன் பண்ணுங்க. பஞ்சாயத்துல வைப்போம். யாருது நிக்குதோ, அந்தப் புள்ள இருக்கட்டும்" என்றார்.

பஞ்சாயத்து என்பது அந்த ஆபீசின் வழக்கம். வட்டமாக நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார, செய்தவர் நடுவில் நின்று காட்ட வேண்டும். ஆபீசிலேயே மட்டமான போனில், எல்லாரும் எழுதினதைச் சேர்த்து அன்று காலையில் நிசார் பாய் கட்டின சிட்டுவில்தான் காட்ட வேண்டும். நேற்றையது கூடாது. "சமைச்சவங்க அன்னன்னிக்கு வடிச்ச சோத்ததான் போடணும்" என்பார் முனிராஜ். காட்டி முடித்ததும் மற்றவர்கள் பேசுவார்கள். அப்போது நிற்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. முனிராஜ் "ம், சொல்லு" என்று சொல்லும்வரை என்ன திட்டினாலும் விழுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். நல்ல மனுஷன் வைக்கிற சட்டமா அது?

திட்டுவதற்கென்றே ஒருத்தர் இருந்தார். மாதவராஜ். சிட்டுவின் வேகம் அவர் பொறுப்பு. யார் எதைச் செய்தாலும் அது எத்தனை மெமரி தின்கிறது என்று பார்த்து, செய்தவரின் மானத்தை வாங்குவது அவருக்குச் சாப்பாட்டுக்குச் சமம்.

"உன் டிசைன்ல டேப்புக்கு மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு, சோறு ஊட்டற ஹீனா. தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி" என்பார்.

ஹீனா கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள் டிசைனில் டேப்புகள் திரையின் கீழே, கட்டைவிரல் எட்டும் இடத்தில் பெரிது பெரிதாக இருக்கும். முக்கியமானது வேறு. பாதி எழுதிக்கொண்டிருக்கும் டேப்பை என்ன ஆனாலும் தூங்க வைக்கக் கூடாது என்பது அவள் கட்சி.

"மூடாம வெச்சிருக்கான்னா மறந்துட்டான்னு அர்த்தம்" என்பார் மாதவராஜ்.

"இல்லீங்கண்ணா. திரும்பி வரணும்னு வெச்சிருக்காங்க. எழுதிக்கிட்டே இருக்கும்போது ஆதார் நம்பர் பாக்கறதுக்கு வேற டேப்புக்குப் போறாங்க. திரும்பி வந்தா எழுதினது அத்தனையும் காணோம்னா எப்படி இருக்கும்? எங்க மாமியார் அமீருன்னிசா ஒரு தடவ போனைத் தூக்கி கட்டில்மேல எறிஞ்சிட்டாங்க."

"உங்க மாமியாருக்காக நாங்க பிரவுசர் பண்ண முடியுமா?"

கலைமதியின் கட்சி வேறு. கடைசியாகப் பார்த்த சில டேப்புகள் மட்டும் விழித்திருக்கட்டும், மற்றதை உடனே தூங்க வை, போன் பறக்கட்டும் என்றாள். "கடையில நின்னு ரெண்டு நிமிஷம் தடவிப் பாத்துட்டுதான் போன் வாங்கறாங்க. அந்த ரெண்டு நிமிஷத்துல சிக்கினா, எழுதறதுக்கு அவங்க கையில போனே இருக்காது" என்றாள். அதுவும் நியாயம்தான். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு பேர் பேச்சிலும் சரக்கு இருந்தது. கலைமதி நேர்வழியில் நின்றிருந்தால் ஜெயித்திருக்கவும் கூடும். அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது.

அவளை நேர்வழியில் நிற்க விடாமல் செய்தது மாடிப்படியில் காதில் விழுந்த ஒரு பேச்சு. சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு மேலே ஏறும்போது, வளைவுக்கு அந்தப் பக்கம் முனிராஜ் மாதவராஜிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்கென்னவோ ஹீனா புள்ள பண்றதுதான் சரின்னு படுது. கலைமதிக்கு என்ன, தோட்டம் தொறவு இருக்குது. பொழச்சிக்கும்."

கலைமதி டப்பாவோடு படியிலேயே நின்றுவிட்டாள். தோட்டம் இருக்கிறதாம். தோட்டம் இருப்பதுதான் அவளுக்குப் பயமே. கணவன் குப்புராஜ் கெட்டவன் இல்லை. தக்காளியும் சாமந்தியும் போட்டிருந்தான். ஆனால் மாமியார் சின்னம்மாள் நாளைக்கு ஒரு தடவையாவது, "பொட்டிய தட்டறதே தட்டற, அந்தக் கைய வெச்சிக்கிட்டு ரெண்டு கூடை தக்காளி பறிச்சாத்தான் என்ன" என்று கேட்டுவிடுவாள். வேலை போனால் மறுநாள் விடிவதற்குள் கூடை இடுப்பில் ஏறும். இது போல் இன்னொரு வேலை இந்த ஜில்லாவில் கிடையாது. பெங்களூருக்குக் குப்புராஜ் அனுப்ப மாட்டான். அந்த மாடிப்படி ஏறும் நேரத்தில்தான் அவள் யாருக்கும் மருமகளும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை, வெறும் கலைமதி. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஹீனாவுக்கும் அந்த நாற்காலி அதே அளவு வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் ஒரே வண்டியில் அதைப் பேசிக்கொண்டுதானே போனார்கள்.

பஞ்சாயத்து அன்று காலை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. கலைமதி சமையல் மேடையிலேயே லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு வரிகளின் இடத்தை மாற்றினாள். சிட்டுவில் ஒரு டேப்பைத் தூங்க வைப்பதற்கு முன், அதில் யாராவது எழுதிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்கும் வரி ஒன்று இருந்தது. அதற்கு அடுத்த வரி தூங்க வைப்பது. அவள் தூங்க வைக்கும் வரியை மேலே ஏற்றி, பார்க்கும் வரியைக் கீழே இறக்கினாள். முதலில் கழுத்தைப் பிடித்து அமுக்கு, பிறகு ஆள் உயிரோடு இருக்கிறானா என்று கேள். அவ்வளவுதான். ஒரு எழுத்தைக் கூட்டவில்லை, ஒரு எழுத்தைக் குறைக்கவில்லை. "வேகத்துக்காகச் சின்ன மாற்றம்" என்று தலைப்புக் கொடுத்தாள். யாராவது பிற்பாடு கேட்டால், வேகத்துக்காகச் செய்யப்போய்க் கவனிக்காமல் விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பார்ப்பதற்கு ஹீனாவின் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு இட்லியை எடுத்து ஹாட்பாக்சில் வைத்தாள்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது அவள் எப்போதும் ஏறும் பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஹீனா பஞ்சாயத்துக்கு முன் ஒரு தடவை செய்து பார்த்துவிடுவாள். கண்டக்டர் "ஏறலீங்களாக்கா?" என்று கேட்டார். "அடுத்ததுல வரேங்க" என்றாள். பஸ் கிளம்பிப் போனது. கையில் போன் அதிர்ந்தது.

"பாத்தாச்சு கலைக்கா. எங்க இருக்கீங்க? நான் பூக்கடைகிட்ட நிக்கிறேன்."

படித்திருக்க வழியே இல்லை. ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே போனில் போட்டிருந்தாள். இரு, அதில் ஒரு தப்பு இருக்கிறது, எடுத்துவிடுகிறேன் என்று அப்போது ஒரு வரி எழுதியிருக்கலாம். நிசார் பாய் அன்றைய சிட்டுவைக் கட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கலைமதி அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "பஸ் லேட் புள்ள. நீ போ" என்று எழுதினாள். போக மாட்டாள் என்று தெரிந்துதான் எழுதினாள்.

"போங்கக்கா, உங்கள விட்டுட்டு என்னிக்கு போயிருக்கேன்" என்று பதில் வந்தது.

தர்மபுரியில் இறங்கினபோது ஹீனா வெயிலில் நின்று முகம் சிவந்திருந்தாள். வண்டி கிளம்பியது. கலைமதி பழக்கத்தில் அவள் தோளில் கையை வைத்துக்கொண்டாள். வழி முழுக்க ஹீனா பேசிக்கொண்டே வந்தாள்.

"நேத்து சாயந்திரம் பத்து தடவ பண்ணிப் பாத்துட்டேன்கா. எழுதினது எழுதினபடி அப்படியே நிக்குது. இன்னிக்கு மாதவண்ணா வாய நான் எப்படி அடைக்கிறேன்னு பாருங்க." கொஞ்ச தூரம் போனதும் குரல் இறங்கியது. "ஒண்ணு சொல்லட்டுமா? நான் ஜெயிச்சாலும் நீங்க எங்கிட்ட பேசாம இருக்கக் கூடாது. நீங்க ஜெயிச்சா நான் ஒரு வாரம் பேச மாட்டேன். அப்புறம் பேசிடுவேன்."

"சும்மா ஓட்டு. லாரி வருது பாரு" என்றாள் கலைமதி.

அவர்கள் படியேறும்போதே வட்டமாக நாற்காலி போட்டாகிவிட்டது. போன் கம்பெனியிலிருந்து எழிலரசி என்று ஒரு அம்மா பெங்களூரிலிருந்து காரில் வந்து உட்கார்ந்திருந்தார். லேட்டாக வந்ததற்கு முனிராஜ் முறைத்தார். "ஹீனா, நீதான் மொதல்ல. பைய வெச்சிட்டு வந்து நில்லு" என்றார். தண்ணீர் குடிக்கக்கூட அவள் போகவில்லை.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். கையில் மட்டமான போன், அன்று காலையில் நிசார் பாய் கட்டின சிட்டு. டேப்புகளைத் தள்ளிக் காட்டினாள், ஒற்றைக் கையால் திறந்து மூடிக் காட்டினாள். எழிலரசி முன்னால் சாய்ந்து பார்த்தார். ஹீனாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. போனை அந்த அம்மாவிடமே கொடுத்தாள்.

"நீங்களே ஏதாவது டைப் பண்ணுங்க மேடம். என்ன வேணா எழுதுங்க."

எழிலரசி சிரித்துக்கொண்டே, காலையில் கிருஷ்ணகிரி பக்கம் சாப்பிட்ட பொங்கல் எப்படி இருந்தது என்று ஒரு நீளமான புகார் எழுதினார். "இப்ப வேற டேப் எத்தன வேணாலும் திறங்க" என்றாள் ஹீனா. அந்த அம்மா திறந்தார், மேலும் மேலும் திறந்தார். "இப்ப திரும்பி மொதல் டேப்புக்கு வாங்க."

வந்தார். பக்கம் ஒருதரம் வெளுத்து, புதிதாக வந்து நின்றது. பொங்கல் இல்லை, புகார் இல்லை, எழுதும் கட்டம் துடைத்துவிட்டது போல் கிடந்தது.

ஹீனா போனை வாங்கிப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் மேடம்" என்று தானே எதையோ எழுதி, தானே டேப்புகளைத் திறந்து, திரும்பி வந்தாள். காலி. மூன்றாம் தடவையும் எழுதிப் பார்த்தாள். அதுவும் காலி.

மாதவராஜ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தாலாட்டே தேவைப்படல போல ஹீனா. அதுவா தூங்கிடுச்சி."

"அண்ணா, நேத்து" என்று ஹீனா வாயெடுத்தாள்.

"நீ பேசக் கூடாது" என்றார் முனிராஜ்.

அவள் வாயை மூடிக்கொண்டு நடுவில் நின்றாள். மாதவராஜ் விட்டாரா? ஒரு வருஷமாகக் கத்தின ஒரே விஷயம், அதையே ஒழுங்காகச் செய்யத் தெரியாதவள் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கலாமா என்றார். மாமியார் போனைக் கட்டிலில் எறிந்தது தப்பே இல்லை, சுவரில் எறிந்திருக்க வேண்டும் என்றார். எழிலரசி தலையைக் குனிந்து தன் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஹீனாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. விழவில்லை, அதையும் அவள் விழுங்கினாள்.

முனிராஜ் நிசார் பாயின் பக்கம் திரும்பினார். தினமும் சிட்டுவைக் கட்டுவது அவர் வேலை. "நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல என்ன மாறியிருக்குது பாய்?"

நிசார் பாய் திரையைப் பார்த்து, சும்மா வாசித்தார். "ஒரே ஒரு மாத்தம்தாங்க. தூங்க வெக்கற எடத்துல. எழுதினது கலைமதி. பாத்தது ஹீனா."

 எல்லாரும் தன்னைப் பார்ப்பார்கள் என்று கலைமதி நினைத்தாள். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் ஹீனாவைத்தான் பார்த்தார்கள். அந்த ஆபீசில் தப்பு எழுதுகிறவன் குற்றவாளி இல்லை, யாரும் எழுதுவார்கள். அதைப் பார்த்துவிட்டு விட்டவன்தான் குற்றவாளி. அது கலைமதிக்குத் தெரியும். தெரிந்துதானே ஹீனாவின் பெயரைப் போட்டாள்.

"ம், சொல்லு" என்றார் முனிராஜ். "படிச்சியா?"

படித்தேன் என்றால் கண் குருடு என்று ஆகும். படிக்கவில்லை என்றால் சட்டத்தை மீறினது ஆகும். ஹீனா இரண்டையும் சொல்லாமல் கலைமதியைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கலைக்கா இப்போது வாயைத் திறப்பாள், நாங்கள் இரண்டு பேருமே படிக்க மாட்டோம் சார், பழக்கமாகிவிட்டது, தப்பு என்னுடையது என்று சொல்லுவாள் என்று நம்பிக்கையோடு பார்த்தாள். அந்த நம்பிக்கைதான் கலைமதிக்கு எரிச்சலைக் கிளப்பியது. ஏன் இவள் என்னையே பார்க்கிறாள் என்று இருந்தது.

"நான் பாக்கறதுக்குத்தாங்க சார் அனுப்பினேன்" என்றாள் கலைமதி. "ஏதாவது தப்பு இருந்தா சொல்லும்னு நெனச்சேன். பாத்தாச்சுன்னு வந்துச்சு."

ஹீனாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "படிக்கல சார்" என்றாள்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமே இப்படித்தான் சார்." கலைமதியும் அப்படித்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை.

பிறகு கலைமதி எழுந்து தன்னுடையதைக் காட்டினாள். வெண்ணெய் மாதிரி ஓடியது. மாதவராஜ்கூட ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முனிராஜ் எல்லார் முன்னாலும் சொன்னார். "படிக்காம பாத்தாச்சு போடற ஆளு எனக்கு வேணாம். இன்னிக்கு டேப்ப தூங்க வெச்ச, நாளைக்கு கம்பெனிய தூங்க வெப்ப." யாரோ சிரித்தார்கள். ஹீனா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அன்று சாயந்திரம் கலைமதி லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து நின்று, கூட்டமான ஒரு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு தர்மபுரி போனாள்.

இரண்டு நாள் கழித்து ஹீனாவின் கணவன் ஜாவீத் வந்தான். மேஜையில் விட்டுப்போன சார்ஜர், ஸ்வெட்டர், காபிக் குவளை இதையெல்லாம் எடுத்துப் போக வந்தான். கலைமதிதான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே ஓடிவிடலாம் என்று பார்த்தாள், அவன் விடவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு ஹீனா. தப்பு அதோடதுதானாம். நீங்க அத நெனச்சிக்கிட்டு மனசு கஷ்டப்படுவீங்களாம், சாப்பிடாம கெடப்பீங்களாம். அப்படி எல்லாம் இருக்க வேணாம்னு சொல்லச் சொல்லுச்சுங்க."

"ஹீனா என்ன பண்ணுது?"

"வூட்டுலதான் இருக்குது. வேற எடத்துல கேட்டிருக்குது. முனிராஜ் சார்கிட்ட விசாரிப்பாங்களாம். நீங்க ஒரு வார்த்த சார்கிட்ட நல்லபடியா சொல்லி வெச்சீங்கன்னா."

"சொல்றேங்க" என்றாள் கலைமதி.

சொன்னாளா? அந்த வாரமே, ஹீனா வேலை கேட்டிருந்த ஓசூர் கம்பெனியிலிருந்து போன் வந்தது. முனிராஜ் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டே பேசினார். "நல்ல புள்ளதாங்க. வேலைதான், படிக்காமயே கையெழுத்து போடும்." அந்தப் பக்கம் இருந்தவர் "அப்படீங்களா" என்று வைத்துவிட்டார். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த கலைமதி கீபோர்டில் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஜெயித்த வழியில் ஏற்கெனவே ஒருத்திக்கு வேலை போயிருக்கிறது. இப்போது வாயைத் திறந்தால் யாருக்குப் போகும் என்று யோசித்தாள். திறக்கவில்லை.

நடந்தது அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. போன் கம்பெனியிலிருந்து எழிலரசி முடிவைச் சொல்லி மெயில் அனுப்பினார். அவர்களுக்குப் பிடித்தது ஹீனாவின் டிசைன். அன்று போனில் சரியாக ஓடவில்லை, அது செய்தவர் தப்பு, யோசனை சரியானது. இருக்கிற ஆளை வைத்து அதையே செய்து முடியுங்கள் என்று எழுதியிருந்தார். இருக்கிற ஆள் கலைமதி.

அன்றிலிருந்து அவள் வேலை ஹீனா எழுதினதைப் படிப்பது. இத்தனை வருஷம் ஒரு வரி படிக்காமல் "பாத்தாச்சு" போட்டவள், இப்போது ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வரிக்கு வரி பக்கத்தில் ஹீனாவின் பெயர். எங்கேயும் குறுக்கு வழி இல்லை, எங்கேயும் அழுக்கு இல்லை. ஒரு இடத்தில், "கலைக்காவின் வேகக் கணக்கு இங்கே உதவியது" என்று யாருக்கும் தெரியாமல் ஒரு குறிப்புக்கூட எழுதிவைத்திருந்தாள். கலைமதி லேப்டாப்பை மூடிவிட்டுப் பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அழுதுவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தாள். அழுகை ஒரு நாற்காலியையும் திருப்பிக் கொடுக்காது, எடுக்கவும் எடுக்காது.

கடைசியில் அந்த இரண்டு வரிக்கு வந்து சேர்ந்தாள். டிசைன் ஓட வேண்டுமானால் அவற்றைப் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். மேலே இருந்ததைக் கீழே, கீழே இருந்ததை மேலே. திருப்பி எழுதினாள். அதற்கும் ஒருவர் "பாத்தாச்சு" போட வேண்டுமே. ஹீனா இல்லாததால் முனிராஜ் அந்த வேலையை மாதவராஜிடம் கொடுத்திருந்தார்.

மாதவராஜ் மற்றவர்களைப் போல இல்லை. அவர் படிப்பார். முன்னால் எப்படி இருந்தது, யார் மாற்றினார்கள், எந்த நாளில், எதற்காக என்று அடிவரை தோண்டிப் படிப்பார். அன்று சாயந்திரம் மற்றவர்கள் டீக்கு இறங்கினபோது நாற்காலியை இழுத்துக்கொண்டு கலைமதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேகத்துக்காகச் சின்ன மாற்றம்" என்று மெதுவாக வாசித்தார். "நானும் அளந்து பாத்தேன். ஒரு துளி வேகம் கூடலையே கலைமதி. நீ அவ்வளவு முட்டாளும் கெடயாதே."

 இதோ போகிறது, எல்லாம் போகிறது என்று கலைமதி நினைத்தாள். முனிராஜ் வருவார், வட்டமாக நாற்காலி போடுவார்கள், நடுவில் நிற்க வைப்பார்கள். ஒரு கணம், அப்படியே நடக்கட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மாதவராஜ் சிரித்தார். "பயப்படாத. நான் சொல்ல மாட்டேன். நல்லாத்தான் பண்ணின. எனக்கே இது தோணியிருக்காது." எழுந்து நாற்காலியைத் திருப்பி வைத்தார். "ஆனா இனிமே நான் எழுதறதுக்கெல்லாம் நீதான் பாத்தாச்சு போடணும். முனிராஜ்கிட்ட சொல்லிட்டேன். வந்த ஒடனே போட்டுடு. படிச்சிக்கிட்டு உக்காந்திருக்காத."

அவர் சொன்னதன் அர்த்தம் அவளுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அவர் எழுதுகிறதில் என்றைக்காவது ஒன்று உடையும். இல்லை, யாரையாவது கவிழ்க்க அவரே உடைப்பார். அன்றைக்கு நிசார் பாய் திரையைப் பார்த்து வாசிப்பார். எழுதினது மாதவராஜ், பாத்தது கலைமதி.

மறுநாள் காலை பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. மாதவராஜின் முதல் மாற்றம். நீளமாக இருந்தது. கலைமதி அதைத் திறந்தாள். மேலிருந்து சில வரிகள் படித்தாள். போன் மறுபடி அதிர்ந்தது.

"என்ன, தெறந்துட்ட போல? இங்க காட்டுது" என்று எழுதியிருந்தார்.

கலைமதி அதை மூடினாள். "பாத்தாச்சு" என்று போட்டாள். பஸ் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியது. இறங்கி, பூக்கடைப் பக்கம் பார்க்காமல், ஆபீசுக்குப் போகும் அடுத்த பஸ்ஸைத் தேடி நடந்தாள்.